காசினோ மேலாண்மையும் போக்கர் ஆட்டத் தொழிலும்

காசினோ என்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அரசின் உரிமத்துடன் நடத்தும் இடமாகும். சென்னைவாசிகளுக்கு இச்சொல் நீண்ட காலமாக அண்ணா சாலையை ஒட்டிய ஒரு திரையரங்கின் பெயராகவே பழக்கம். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற காசினோ எதுவும் இல்லை. ஆயினும் இத்துறையில் வேலை தேடும் இளைஞர்கள் இங்கு உண்டு. இராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற துறைமுகப் பகுதிகளில் கப்பல் வேலை என்பது குடும்பத்தில் ஒருவராவது முயன்று பார்க்கும் வழி. பயணிகள் கப்பல்களில் காசினோ ஒரு தனிப் பிரிவு என்பதால் அந்த வேலையைப் பற்றிய கேள்வியும் இங்கு எழுகிறது.

இத்துறையில் இரண்டு வேறுபட்ட வாழ்க்கைகள் ஒரே பெயரில் பேசப்படுகின்றன. ஒன்று, சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்டத்தை நடத்துபவரின் வேலை. மற்றொன்று, தன் சொந்தப் பணத்தை மேசையில் வைத்து ஆடும் போக்கர் ஆட்டக்காரரின் பிழைப்பு. முன்னவருக்கு ஆட்டத்தில் யார் வென்றாலும் மாதச் சம்பளம் வரும். பின்னவருக்கு நன்றாக ஆடிய மாதத்திலும் நட்டம் வரலாம்.

கூடத்தின் பங்கு

காசினோவின் வருமானம் ஏமாற்றுவதால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. இதற்கு வடசென்னைக்குத் தெரிந்த உதாரணமே போதும். காட்டன் சூது என்று காவல்துறைச் செய்திகளில் அடிக்கடி வரும் சட்டவிரோத எண் சூதாட்டத்தை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்களை வைத்துப் பம்பாயில் நடந்த மட்கா சூதின் வழியில் வந்த பெயர் அது. 0 முதல் 9 வரை பத்து எண்கள். ஒரு ரூபாய் கட்டியவருக்கு எண் விழுந்தால் ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வந்த நாளில் நடத்துபவர் பத்து வாங்கி ஒன்பது கொடுக்கிறார். நூற்றுக்குப் பத்து அவர் பங்கு. எந்த எண் விழுந்தது என்பது அவருக்குப் பெரிய கவலை இல்லை.

ரூலெட் சக்கரமும் இதே வேலையைத்தான் செய்கிறது, பங்கு மட்டும் குறைவு. ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் வென்றவருக்கு 35 மடங்கும் கட்டிய பணமும் தரப்படும், அதாவது மொத்தம் 36. அந்த ஒன்று விடுபட்டதுதான் கூடத்தின் பங்கு, 2.7 விழுக்காடு. அமெரிக்க வகையில் 38 குழிகள் இருப்பதால் பங்கு 5.26 விழுக்காடு ஆகிறது. பாக்கரா ஆட்டத்தில் 'பேங்கர்' பக்கம் கட்டினால் 1.06, 'பிளேயர்' பக்கம் 1.24, 'டை' என்று கட்டினால் 14 விழுக்காட்டுக்கும் மேல். ஒரே மேசையில் ஒரு கை தள்ளி வைப்பதற்குள் பங்கு பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இந்தச் சிறிய விழுக்காடு பெரிய பணமாவது நேரத்தால். ஒருவர் சுற்றுக்கு 1,000 ரூபாய் வைத்து, மணிக்கு 40 சுற்று வீதம் 4 மணி நேரம் ரூலெட் ஆடினால், அவர் மேசையில் வைத்த மொத்தம் 1,60,000 ரூபாய். அதில் 2.7 விழுக்காடு ஏறத்தாழ 4,320 ரூபாய். அன்று அவர் வென்று சென்றாலும், காசினோவின் கணக்கேட்டில் அவருடைய மதிப்பு இந்த 4,320 தான். இதற்குக் கோட்பாட்டு வருமானம் என்று பெயர். இலவச உணவு, அறை, விமானச் சீட்டு எல்லாம் இத்தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதே. பெரிய ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் உபசாரத்தைப் பார்த்து வியப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

மேசையில் உச்ச வரம்பு ஏன் இருக்கிறது என்பதும் இங்கேயே விளங்கும். தோற்றால் இரட்டிப்பாக வை, ஒருமுறை வென்றால் எல்லாம் திரும்பிவிடும் என்ற யோசனை எல்லா ஊரிலும் உண்டு. 500 ரூபாயில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால் ஏழாவது முறை 32,000 வைக்க வேண்டும். மேசை வரம்பு 50,000 என்றால் எட்டாவது முறை வைக்கவே முடியாது. அதற்குள் போனது 63,500 ரூபாய். சிவப்பு, கறுப்பு எனக் கட்டுபவர் தொடர்ந்து ஏழு முறை தோற்பது ஏறத்தாழ 106 தொடர்களில் ஒரு தடவை நடக்கும். ஓர் இரவில் கூடம் முழுவதும் எத்தனை தொடர்கள் நடக்கும் என்று பார்த்தால் அது அரிதான நிகழ்வே அல்ல.

கூடத்தில் யார் யார்

அடிப்படைப் பணியாளர் டீலர், அதாவது சீட்டுப் பகிர்பவர். சீட்டைப் பகிர்வது, சில்லுகளை எண்ணுவது, வென்ற தொகையை மனக்கணக்காகச் சொல்வது, ஆட்டத்தின் வேகத்தைக் காப்பது ஆகியவை அவர் வேலை. 35 மடங்கு, 17 மடங்கு, 8 மடங்கு என்ற வாய்ப்பாடுகள் தூக்கத்திலும் வர வேண்டும். பல இடங்களில் சீருடையில் பை இருக்காது. மேசையை விட்டு எழும்போது இரு கைகளையும் தட்டி, விரித்து, புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். கூரையில் உள்ள கேமராவுக்காகச் செய்யும் அந்தச் சைகை நாளடைவில் பழக்கமாகி வீட்டிலும் வந்துவிடும் என்பது இத்தொழிலில் உள்ள நகைச்சுவை.

டீலருக்கு மேலே சில மேசைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர், அவருக்கு மேலே ஒரு வட்டார மேசைகளுக்குப் பொறுப்பான பிட் மேலாளர், அதற்கு மேல் பணிமுறை மேலாளர், முடிவில் காசினோ மேலாளர். பணத்தைச் சில்லாகவும் சில்லைப் பணமாகவும் மாற்றும் காசாளர் கூண்டு தனிப் பிரிவு. கண்காணிப்புப் பிரிவு இவர்கள் யாருக்கும் கீழே வராமல் நேராக மேலிடத்துக்கு அறிக்கை தருவது நல்ல நடைமுறை. கூட மேலாளரே தவறு செய்தால் அவரைப் பற்றி எழுத ஒருவர் வேண்டும் அல்லவா? மேசைக்குச் சில்லு வரும்போதும் போகும்போதும் சீட்டு எழுதி ஒருவருக்கு மேற்பட்டோர் கையெழுத்திடுவர். மேசையின் பூட்டிய பணப்பெட்டி, எண்ணும் அறையில் பலர் முன்னிலையில்தான் திறக்கப்படும். துறைமுகக் கிடங்கில் சரக்குக் கணக்கு எடுத்துப் பழகியவருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

மேலாண்மையின் கடினமான பகுதி பெரும் பந்தயம் வைப்பவர்களைக் கையாள்வது. பில் ஐவி என்ற புகழ்பெற்ற போக்கர் ஆட்டக்காரர் 2012இல் இலண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் காசினோவில் புன்டோ பாங்கோ என்னும் பாக்கரா வகை ஆட்டத்தில் ஏறத்தாழ 77 இலட்சம் பவுண்டு வென்றார். அது மலேசியாவின் கெண்டிங் குழுமத்தைச் சேர்ந்த கூடம். சீட்டின் பின்புற அச்சு இரு ஓரங்களிலும் சரிசமமாக இல்லாததை அவரும் உடன் வந்தவரும் கவனித்திருந்தனர். முக்கியமான சீட்டுகளை மட்டும் திருப்பி வைக்கும்படி, ஏதோ நம்பிக்கை என்பதுபோல, டீலரிடம் கேட்டுக்கொண்டனர். டீலரும் செய்தார். பெரிய ஆட்டக்காரரின் விருப்பங்களுக்கு இணங்குவது வழக்கம் என்பதால் மேலாளர்களும் தடுக்கவில்லை. காசினோ பணம் தர மறுத்தது, வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 அக்டோபரில் அது ஏமாற்று என்று தீர்ப்பானது. ஆட்டக்காரர் தோற்றார். ஆனாலும் சீட்டுக் கட்டைச் சோதிப்பது, விருந்தினர் கேட்கும் சலுகை ஆட்டத்தின் நடைமுறையைத் தொடுகிறதா என்று பார்ப்பது ஆகியவை மேலாளரின் கடமை என்பதற்கு இந்த வழக்கு பாடமாகச் சொல்லப்படுகிறது.

இந்தியாவில் காசினோக்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகின்றன. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்து, 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிமாற்றங்களையும் ஐயத்துக்குரியவற்றையும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கியலோ சட்டமோ படித்தவர்களுக்கு இத்துறையில் இடம் இருப்பது இதனால்தான்.

போக்கர் ஏன் வேறு

ரூலெட்டில் ஆட்டக்காரர் கூடத்தை எதிர்த்து ஆடுகிறார். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுகிறார்கள். கூடம் மேசையை வாடகைக்கு விடுவது போலத்தான். ஒவ்வொரு ஆட்டத்தின் தொகையிலிருந்தும் ஒரு சிறு கழிவை எடுத்துக்கொள்ளும், இதை ரேக் என்பர்.

பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் தனியாகவும், ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகவும் வரும். கையில் இரண்டு ஏஸ் வருவது 221 முறையில் ஒரு தடவை. அப்படி வந்து, எதிராளி கையில் இரண்டு ராஜா இருந்து, எல்லாப் பணமும் நடுவில் போனாலும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை ராஜா வென்றுவிடும். திறமை என்பது இங்கு நீண்ட கால சராசரியில் மட்டுமே தெரியும் ஒன்று. ஓர் இரவில் தெரியாது, பல சமயம் ஒரு மாதத்திலும் தெரியாது.

அந்தச் சராசரிக்கும் ரேக் ஒரு சுமை. ஒன்பது பேர் ஆளுக்கு 10,000 ரூபாயுடன் அமர்கிறார்கள், மணிக்கு 25 ஆட்டம், ஆட்டத்துக்குச் சராசரி 200 ரூபாய் ரேக் என்று கொள்வோம். மணிக்கு 5,000 கூடத்துக்குப் போகிறது. புதிதாக யாரும் பணம் கொண்டுவராவிட்டால் 18 மணி நேரத்தில் மேசையில் இருந்த 90,000 ரூபாயும் கூடத்தின் பெட்டியில் இருக்கும். ஆகவே ஒருவர் மற்றவர்களைவிடச் சற்றுத் திறமையாக ஆடினால் போதாது. ரேக்கையும் தாண்டி மிஞ்சும் அளவுக்குத் திறமை வேண்டும்.

உயர் பந்தய உலகில் இந்தியர்களும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா 2024இல் லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் தொடரில், நுழைவுக் கட்டணமே 2,50,000 டாலரான போட்டியை வென்று 54 இலட்சம் டாலருக்கு மேல் பரிசு பெற்றார். இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது இரண்டு விவரங்களை நினைவில் கொள்ள வேண்டும். பரிசுத் தொகை செய்தியாகிறது, அதற்கு முன் தோற்ற போட்டிகளின் கட்டணங்கள் செய்தியாவதில்லை. மேலும் இந்த மட்டத்தில் பலர் தம் நுழைவுக் கட்டணத்தைப் பங்குகளாக விற்று ஆடுகிறார்கள், பரிசும் அதே விகிதத்தில் பிரியும். இந்தியாவில் ஆட்ட வெற்றிகளுக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு. மற்ற வருமானத்தில் கழிப்பதைப் போல இதன் நட்டத்தைக் கழிக்க இயலாது.

சட்டம் எங்கே நிற்கிறது

சென்னை மாநகரில் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டமும், மாநிலத்தின் பிற பகுதிகளில் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் சூதாட்ட வீடு நடத்துவதைக் குற்றமாக்கின. திறமை ஆட்டங்களுக்கு விலக்கு உண்டு. எது திறமை, எது அதிர்ஷ்டம் என்பதில்தான் அறுபது ஆண்டு வழக்குகள். ரம்மி பெரிதும் திறமை ஆட்டமே என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குதிரைப் பந்தயமும் அவ்வாறே என்று 1996இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற டாக்டர் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பானது. போக்கரில் ஒருமித்த கருத்து இல்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அதைத் திறமை ஆட்டமாக ஏற்க மறுத்தது, சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. (வடசென்னையின் கேரம் பலகைக்கு இப்படியொரு வழக்கு தேவைப்படவே இல்லை.)

இணைய ஆட்டங்கள் பரவி, கடனும் தற்கொலைகளும் செய்தியானபின் தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும், 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றியதும், ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அச்சட்டத்தில் ஆடுபவருக்கு 3 மாதம் வரையும் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரையும் சிறை உண்டு. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து விடுவித்தது. 2025இல் ஆணையம் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களுக்குத் தடை விதித்து விதிமுறை வெளியிட, அதையும் நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் வழங்கக்கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இதையடுத்துப் பல நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. வீட்டிலிருந்தபடியே இணையப் போக்கர் ஆடிப் பிழைக்கலாம் என்ற திட்டம் இந்தியாவில் இருப்பவருக்கு அத்துடன் முடிந்துபோனது.

நேரடிக் காசினோக்கள் இந்தியாவில் முதன்மையாகக் கோவாவிலும் சிக்கிமிலும் உள்ளன. கோவாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களால் ஐந்து நட்சத்திர விடுதிகளிலும் கப்பல்களிலும் அனுமதி கிடைத்தது. மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்கள் அவ்வாறு வந்தவை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் நுழைய முடியாது. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களே ஆடச் செல்லவும் தடை. சொந்த மக்களைத் தள்ளிவைத்து வெளியாரிடம் வாங்குவது பல இடங்களில் உள்ள வழக்கம்தான். சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைய 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும், குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரைத் தடுக்கவும் முடியும். கொழும்பில் 2025 ஆகஸ்டில் சிட்டி ஆஃப் டிரீம்ஸ் வளாகத்தின் காசினோ திறக்கப்பட்டது.

சென்னைத் துறைமுகமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2022 ஜூன் 4 அன்று கோர்டிலியா சொகுசுக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் இங்கிருந்து தொடங்கி வைத்தார். கப்பலில் காசினோ இருந்ததால் புதுச்சேரியில் கட்சிகள் எதிர்த்தன, சூதாட்டத்துக்கு இடமில்லை என்று அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் கூறினார், அந்த மாதம் அங்குப் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. பொதுவாகக் கப்பல் காசினோக்கள் துறைமுகத்தில் மூடியிருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், கடந்த பிறகே திறக்கப்படும்.

வேலைக்குப் போகும் வழி

டீலர் வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை. காசினோக்களே சில வாரப் பயிற்சி தந்து எடுப்பதுண்டு. வேகமான கணக்கு, ஆங்கிலம், நின்றுகொண்டே வேலை செய்யும் உடல்வலு, சிகரெட் புகையையும் இரவுப் பணியையும் தாங்குதல், தோற்றவரின் கோபத்துக்குப் பதில் பேசாதிருத்தல் ஆகியவை வேண்டும். மேலாண்மைக்கு விடுதி நிர்வாகம், கணக்கியல், புள்ளியியல் படிப்புகள் உதவும். பெரும்பாலான மேலாளர்கள் மேசையிலிருந்து ஏறியவர்களே. சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் தனி உரிமம் தேவை, குற்ற வழக்கோ பெருங்கடனோ அதற்குத் தடையாகலாம்.

கப்பலுக்கு என்றால் கடவுச்சீட்டுடன், சிடிசி எனப்படும் கடலோடிச் சான்றேடு, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் உடற்தகுதிச் சான்று ஆகியவை வேண்டும். ஆளெடுக்கும் முகவர், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். அவ்வெண்ணை இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். இந்தியா 2015இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, சான்றேடு, மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது. இரண்டு இலட்சம், மூன்று இலட்சம் என்று கேட்பவர் எந்தக் கப்பலின் பெயரைச் சொன்னாலும் விலகிவிட வேண்டும்.

கரையோர வேலைகளில் ஆபத்து இதைவிடப் பெரிது. கம்போடியாவின் சிகானுக்வில் காசினோக்களால் வளர்ந்த நகரம். 2019இல் அந்நாடு இணையச் சூதாட்டத்தைத் தடை செய்தபின் அங்கிருந்த கட்டடங்கள் பல இணைய மோசடிக் கூடங்களாயின. மியான்மரின் மியாவாடியிலும் இதே நிலை. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு அங்கு அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். வெளிநாட்டு வேலை முகவரின் பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது இந்த வலையின் வழக்கமான முதல் வாக்கியம்.

இத்துறையில் வேலை செய்பவருக்கே ஆட்டப் பழக்கம் தொற்றுவதுண்டு என்பதால் பல காசினோக்கள் தம் பணியாளர் தம் கூடத்தில் ஆடுவதைத் தடை செய்கின்றன. ஆடுவதை நிறுத்த முடியாமல் தவிப்பவரும் அவர் வீட்டாரும் டெலி-மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கப்பலில் ஏறுமுன் பணி ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துவிட்டுச் செல்வது கடலோடிகளின் பழைய வழக்கம். அதில் சம்பளம், ஒப்பந்தக் காலம், பணி நேரம், திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.